எந்தப் படியைப் பார்க்கிறோம்?

செய்த வேலை கண்ணுக்குத் தெரியாமற்போவதைப் போல் மனிதனைச் சோர்வுறச் செய்வது பிறிதொன்றில்லை. விதைத்தது முளைக்கவில்லையென்றால் உழவன் மண்ணைக் கிளறிப் பார்க்கலாம். கணிப்பொறித் துறையில் உழைப்பவனோ, தான் எழுதியது கண்முன்னே இருக்க, அதன் பயன் மட்டும் திரையில் வாராதிருக்கக் கண்டு திகைத்து நிற்கிறான்.

"திருத்திவிட்டேன், திருத்தம் தெரியவில்லை. சேமித்துவிட்டேன், சேமித்ததைக் காணவில்லை." இவ்விரண்டு முறையீடுகளில் ஒன்றையேனும் நான் கேளாத வாரம் இல்லை. இக்கல்லூரியின் தமிழ்த் துறையில் இளங்கலை பயின்று, அதன்பின் கணிப்பொறிப் பயன்பாட்டியல் கற்று, மென்பொருள் ஆக்கும் தொழிலில் இருபது ஆண்டுகளுக்கு மேலாக இருந்து வருகின்றேன். "தமிழ் படித்தது இந்தத் தொழிலுக்கு எவ்வகையில் உதவியது?" என்று உற்றார் சிலர் என்னைக் கேட்டதுண்டு. மேற்கண்ட முறையீடுகளுக்கு விடை தேடும் முறையை நான் முதன்முதல் கற்றது இத்துறையின் வகுப்பறையில்தான் என்பதே அவர்களுக்கு நான் கூறும் மறுமொழி.

சுவடி தந்த பாடம்

பதிப்பு வரலாறு கற்பித்த பேராசிரியர் ஓர் அடிப்படையை எங்கள் உள்ளத்தில் பதிய வைத்தார். ஒரு பாடத்தைப் பிழையென்று கூறுமுன் அஃது எந்தச் சுவடியில் உள்ளது என்று கேட்க வேண்டும். உ.வே.சாமிநாதையர் 1887ஆம் ஆண்டு சீவகசிந்தாமணியை அச்சேற்றுவதற்கு முன் பல சுவடிகளைத் தேடித் திரட்டி ஒப்புநோக்கியதன் காரணம் இதுவே. நூல் ஒன்றுதான், அதன் படிகளோ பல. ஒருவர் தம் ஏட்டில் செய்த திருத்தம் மற்றொருவர் வீட்டுப் பரணில் கிடக்கும் ஏட்டிற்குத் தானாகச் சென்று சேராது.

கணிப்பொறியின் உள்ளும் இதே நிலைதான். நாம் ஒன்றென எண்ணும் ஒவ்வொன்றும் அங்கே பல படிகளாக இருக்கின்றது. நிரலர் எழுதும் மூலம் ஒரு படி; பொறி இயக்கும் கோப்பு மற்றொரு படி; உலவி தன்னிடம் வைத்துக்கொள்வது வேறொரு படி. தரவு நினைவகத்தில் ஒரு படியாகவும், வட்டில் ஒரு படியாகவும், அறிக்கைக்கென வைத்த தனிப் பொறியில் ஒரு படியாகவும் வாழ்கின்றது. ஒரு படியைத் திருத்திவிட்டு வேறொரு படியைப் பார்த்துக்கொண்டிருப்பதே இத்தொழிலின் குழப்பங்களில் பெரும்பகுதிக்கு வேராகும்.

சரியான நிரலில் தேடிய பிழை

இத்தொல்லை புதிதன்று. 1976ஆம் ஆண்டு அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் ஸ்டீவ் ஜான்சன் என்னும் அறிஞர் தம் நிரலில் ஒரு பிழையைத் தேடி ஒரு காலைப்பொழுது முழுவதையும் செலவிட்டார். பிழை முன்பே திருத்தப்பட்டிருந்தது. ஆயின் திருத்திய கோப்பு பொறிமொழிக்கு மாற்றப்படவில்லை. இயங்கியது பழைய கோப்பே. சரியாக உள்ள நிரலில் இல்லாத பிழையைத் தேடிய சினத்தோடு அவர் தம் சக அறிஞர் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மனின் அறைக்குள் நுழைந்தார். முந்தின மாலைதான் ஃபெல்ட்மனும் அதே துன்பத்தில் உழன்றிருந்தார். அதன் விளைவாக அவர் உருவாக்கிய கருவியே 'மேக்' என்பது.

'மேக்' செய்யும் வேலை எளியது. மூலக் கோப்பு எப்போது மாற்றப்பட்டது, அதிலிருந்து பிறந்த கோப்பு எப்போது உண்டானது என்று இரண்டின் நேரங்களை அது ஒப்பிடுகிறது. மூலம் பிந்தியதாயின் மீண்டும் மொழிமாற்றம் செய்கிறது, அன்றேல் விட்டுவிடுகிறது. இக்கருவிக்காக 2003ஆம் ஆண்டின் ஏ.சி.எம். மென்பொருள் விருது ஃபெல்ட்மனுக்கு அளிக்கப்பட்டது. இரண்டு பேரறிஞர்கள் அடுத்தடுத்த நாள்களில் ஒரே குழியில் விழுந்தனர் என்பதை இளம் மாணவர்கள் நினைவிற் கொள்வது நன்று. இக்குழப்பம் அறிவுக் குறைவால் வருவதன்று. படிகள் பலவாக இருப்பதால் வருவது.

வலைத்தளங்கள் வந்தபின் மற்றொரு படியும் சேர்ந்துகொண்டது. ஒரு முறை பெற்ற கோப்பை உலவி 'கேஷ்' என்னும் தன் தற்காலிகக் கிடங்கில் வைத்துக்கொள்கிறது. "இதனை ஓராண்டு வரை வைத்துக்கொள்ளலாம்" என்று வழங்கி கூறியிருந்தால் உலவி மீண்டும் கேட்க வருவதே இல்லை. அதனால் வழங்கியில் செய்த மாற்றம் நம் கண்ணுக்கு வாராது. கண்ட்ரோல், ஷிஃப்ட், ஆர் ஆகிய மூன்று விசைகளையும் சேர்த்து அழுத்தினால், பெரும்பாலான உலவிகள் கிடங்கை ஒதுக்கிவிட்டு வழங்கியிடம் புதிதாகக் கேட்கும். இது நம் திரைக்கு மட்டுமான மருந்து. ஊரார் அனைவரும் புதியதைப் பெற வேண்டுமாயின், கோப்பின் பெயரிலேயே பதிப்பு எண்ணைச் சேர்த்து, ஒவ்வொரு மாற்றத்தின் போதும் பெயரையே மாற்றிவிடுவதுதான் நிலைத்த வழி.

சேமித்தேன் என்னும் சொல்

சேமித்தல் என்பது ஒரே செயல்போலத் தோன்றினும் அது பல படிக்கட்டுகளைக் கொண்ட பயணம். விசையை அழுத்தியவுடன் தரவு முதலில் நிரலின் நினைவகத்தில் நிற்கிறது. பிறகு இயக்க முறைமையின் நினைவகத்துக்குச் செல்கிறது. அங்கிருந்து சிறிது நேரம் கழித்தே வட்டில் பதிகிறது. இடையில் மின்சாரம் நின்றால் பயணமும் நின்றுவிடும்.

தரவுத்தளங்களில் மற்றொரு வாயிலும் உண்டு. ஒரு பதிவை உள்ளிட்டபின் 'கமிட்' என்னும் உறுதி ஆணை கொடுக்கும்வரை அப்பதிவு உள்ளிட்டவர் கண்ணுக்கு மட்டுமே தெரியும்; அடுத்த மேசையில் இருப்பவருக்குத் தெரியாது. "என் திரையில் இருக்கிறதே!" "என் திரையில் இல்லையே!" என்று இருவர் வழக்காடும்போது இருவரும் மெய்யே பேசுகின்றனர் என்பதுதான் விந்தை. இந்த உறுதிமுறைக்கு அடித்தளம் இட்டவர்களுள் முதன்மையானவர் ஜிம் கிரே. கணிப்பொறி உலகின் உயரிய பரிசாகிய டூரிங் விருது 1998ஆம் ஆண்டுக்கு அவருக்கு வழங்கப்பட்டது.

'வட்டில் எழுதிவிட்டேன்' என்று பொறி கூறும் சொல்லையும் ஆய்ந்தே ஏற்க வேண்டும். உலகெங்கும் பயன்படும் போஸ்ட்கிரெஸ் என்னும் தரவுத்தளத்தை ஆக்குவோர் 2018ஆம் ஆண்டு ஓர் உண்மையை எதிர்கொண்டனர். வட்டில் எழுதுவது தோற்றால், லினக்ஸ் இயக்க முறைமை அத்தோல்வியை ஒரு முறை அறிவித்துவிட்டு, மறுமுறை கேட்கும்போது வெற்றியெனக் கூறிவிடும் நிலை இருந்தது. முதல் தோல்விக்குப் பின் மீண்டும் முயன்றால் போதும் என்று நம்பியிருந்த தரவுத்தளம், எழுதப்படாததை எழுதப்பட்டதாகக் கொள்ள இடமிருந்தது. அதன்பின் அம்முறையை அவர்கள் மாற்றியமைத்தனர். தோல்வி நேர்ந்தால் உடனே நின்று, தன் செயற்குறிப்பேட்டிலிருந்து மீண்டும் தொடங்குவதே இப்போதைய வழக்கம்.

மிகுதியாக இருந்த பணம்

நான் நேரில் கண்ட ஒரு நிகழ்ச்சியை ஈண்டுக் கூறுதல் பொருந்தும். சில ஆண்டுகளுக்கு முன் கட்டணம் வசூலிக்கும் ஓர் அலுவலகத்திற்கு மென்பொருள் பராமரிப்புக்காகச் சென்றிருந்தேன். மாலை நேரம். முகப்பில் பணிபுரிந்த சகோதரி ஒருவர் கண் கலங்கி நின்றார். அன்று அவர் வழங்கிய ரசீதுகளில் 23 ரசீதுகள் நாளறிக்கையில் இல்லை. பணமோ அவருடைய பெட்டியில் அறிக்கைத் தொகையைவிட மிகுதியாக இருந்தது. பணம் குறைந்தால் திருட்டு. மிகுந்தால் திருடுவதற்கான ஆயத்தம் என்று அங்கிருந்தோர் எண்ணிவிட்டனர். ரசீதை அச்சிட்டுக் கொடுத்துவிட்டுப் பதிவை அவரே அழித்திருக்க வேண்டும் என்பது அவர்களுடைய முடிவு.

"தம்பி, பணம் வந்தது மெய், கணக்கில் இல்லை. இதற்கு வேறு என்ன பொருள்?" என்றார் பொருளாளர். வயதில் மூத்தவர், நேர்மையானவர்.

"சார், ஒன்றையும் நான் அழிக்கவில்லை. எல்லாவற்றையும் ஏற்றினேன்" என்றார் அச்சகோதரி. அதற்கு மேல் அவரால் பேச இயலவில்லை.

நான் இரண்டே வினாக்கள் கேட்டேன். அறிக்கையில் காணப்படும் கடைசி ரசீது எத்தனை மணிக்குப் போடப்பட்டது? அதற்குப் பின் போட்டவற்றில் ஒன்றேனும் அறிக்கையில் உள்ளதா? கடைசியாகத் தெரிந்தது முற்பகல் 11.40 மணி ரசீது. அதன்பின் ஒன்றுகூட இல்லை. பொறுக்கி எடுத்து அழிப்பவர் இப்படி ஒரு கோடு கிழித்தாற்போல் அழிக்கமாட்டார். ஏதோ ஒரு பாதை அந்நேரத்தில் அடைபட்டிருக்க வேண்டும்.

அந்த அலுவலகத்தில் பதிவுகள் ஒரு பொறியில் சேர்ந்தன. அறிக்கை மற்றொரு பொறியில் இருந்த படியிலிருந்து எடுக்கப்பட்டது. முதற்பொறியில் நேராகத் தேடினேன். 23 ரசீதுகளும் எண் வரிசை மாறாமல் அங்கே இருந்தன. இரண்டாம் பொறியின் வட்டு நிரம்பிவிட்டதால் 11.40 மணியோடு படியெடுத்தல் நின்றுபோயிருந்தது. வேண்டாத பழைய கோப்புகளை நீக்கி இடம் உண்டாக்கியதும், கால் மணி நேரத்தில் அறிக்கையும் பெட்டியில் இருந்த பணமும் ஒரு ரூபாயும் பிசகாமல் ஒத்துப்போயின. பொருளாளர் எழுந்து நின்று, "அம்மா, மன்னித்துக்கொள்ளுங்கள்" என்றார். அந்தச் சொல் எத்தனை பேருக்குக் கிடைக்காமற்போயிற்று என்பதைப் பின்னர்ப் படித்தறிந்தேன்.

கேளாத வினாவின் விலை

பிரிட்டனின் அஞ்சல் அலுவலகங்களில் 1999ஆம் ஆண்டு முதல் 'ஹொரைசன்' என்னும் கணக்கு மென்பொருள் நிறுவப்பட்டது. அதன் கணக்கில் காட்டப்பட்ட குறைகளை நம்பி, கிளை அஞ்சலகங்களை நடத்தியோர் மீது திருட்டு, பொய்க்கணக்கு ஆகிய குற்றங்கள் சுமத்தப்பட்டன. 1999க்கும் 2015க்கும் இடையே 900க்கும் மேற்பட்டோர் தண்டனைத் தீர்ப்புப் பெற்றனர். சிறை சென்றோர் உண்டு. வீட்டையும் நற்பெயரையும் இழந்தோர் உண்டு. உயிரை மாய்த்துக்கொண்டோரும் உண்டு.

அம்மென்பொருளில் காணப்பட்ட குறைகளுள் ஒன்று நம் பொருளோடு நேரே தொடர்புடையது. 2015ஆம் ஆண்டு, ஸ்காட்லாந்தின் டால்மெலிங்டன் என்னும் ஊர்ப்பெயரால் அறியப்படும் நிகழ்ச்சி அது. 8,000 பவுண்டு பெற்றுக்கொண்டதைப் பதியும்போது, விசையை அழுத்தியும் திரை நகரவில்லை. பதிவு நிகழ்ந்ததற்கான அடையாளம் தெரியாததால் விசை மீண்டும் மீண்டும் அழுத்தப்பட்டது. ஒவ்வோர் அழுத்தமும் உள்ளே தனிப்பதிவாயிற்று. 8,000 பவுண்டு 32,000 ஆகி, 24,000 பவுண்டு குறைவதாகக் கணக்குக் காட்டியது. திரை என்னும் படியில் தெரியாதது கணக்கேட்டில் நான்கு முறை ஏறியிருந்தது.

2019 டிசம்பரில் இங்கிலாந்து உயர் நீதிமன்றம், இம்மென்பொருளில் கணக்குக் குறைவை உண்டாக்கத்தக்க குறைகள் இருந்தன என்று தீர்ப்பளித்தது. 2024 மே மாதம் ஒரு தனிச் சட்டத்தின் வாயிலாக இங்கிலாந்து, வேல்ஸ், வட அயர்லாந்து ஆகிய பகுதிகளில் அத்தண்டனைகள் நீக்கப்பட்டன. "கணக்கில் இல்லை" என்னும் சொல்லுக்கு "நீ எடுத்தாய்" என்று பொருள் கொள்ளுமுன், "எந்தக் கணக்கில் இல்லை? எவ்வழியில் வந்த கணக்கு அது?" என்று கேட்கும் வழக்கம் இருந்திருப்பின், இத்தனைக் குடும்பங்கள் இத்தனை ஆண்டு காத்திருக்க நேர்ந்திராது.

வணிக உலகிலும் சான்றுண்டு. 2012 ஆகஸ்ட் 1 அன்று, நைட் கேப்பிட்டல் என்னும் அமெரிக்கப் பங்கு வணிக நிறுவனத்தின் எட்டு வழங்கிகளில் ஏழில் மட்டுமே புதிய நிரல் ஏறியிருந்தது. எட்டாவதில் இருந்த, நெடுங்காலம் பயன்படாத பழைய நிரற்பகுதி விழித்துக்கொண்டு வேண்டாத ஆணைகளை ஓயாது அனுப்பத் தொடங்கியது. கோளாற்றைக் களைய முயன்றோர், சரியாக இருந்த ஏழு வழங்கிகளிலிருந்தும் புதிய நிரலை நீக்கினர். அவற்றிலும் பழைய பகுதி எழுந்ததால் நோய் முற்றியது. சுமார் 45 நிமிடங்களில் நேர்ந்த இழப்பு 460 மில்லியன் டாலருக்கும் மேல். எட்டில் எது வேறுபட்ட படி என்று முதலில் பார்க்காததன் விலை அது.

தமிழ் எழுத்துக்கு நேர்ந்தது

தமிழ்த் துறையினர்க்கு நெருக்கமான ஓர் எடுத்துக்காட்டும் உண்டு. தொண்ணூறுகளில் கணிப்பொறியில் அச்சுக்கோத்த மலர்களின் கோப்புகளை இன்று திறந்தால், தமிழுக்கு மாறாகப் பொருளற்ற ஆங்கிலக் குறிகள் தோன்றுவதைப் பலர் கண்டிருப்பர். கோப்பு கெட்டுவிட்டது என்று வருந்தி அழித்தோரும் உண்டு. உண்மையில் ஓர் எழுத்தும் அழியவில்லை. அந்நாளில் ஒவ்வோர் எழுத்துரு நிறுவனமும் தனக்கென ஒரு குறியீட்டு முறையை வைத்திருந்தது. இதனை ஒழுங்குபடுத்த 1999ஆம் ஆண்டு சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டையொட்டி 'டாம்', 'டாப்' என்னும் முறைகள் வந்தன. 2010ஆம் ஆண்டு தமிழக அரசு யூனிகோடு முறையை ஏற்றது. பழைய கோப்பிற்கு உரிய எழுத்துரு எதுவென அறிந்து, தக்க மாற்றியால் மாற்றினால் எழுத்துகள் மீண்டும் தமிழாக எழும். தெரியாமை வேறு, இல்லாமை வேறு.

தேடும் முறை

மாணவச் செல்வங்களுக்குச் சில வழிகளைத் தொகுத்துக் கூற விரும்புகிறேன்.

முதலாவது, ஐயத்திற்கு இடமில்லாத ஓர் அடையாளத்தை நிரலில் இடுக. தலைப்பில் உங்கள் ஊரின் பெயரை எழுதிப் பாருங்கள். அது திரையில் வாராவிடில், நீங்கள் திருத்துவதும் இயங்குவதும் வேறு வேறு படிகள். வேண்டுமென்றே ஒரு பிழையை நுழைத்தும் பார்க்கலாம். அப்பிழைக்குப் பின்னும் நிரல் இடையூறின்றி ஓடினால் செய்தி தெளிவு. இதனை உங்கள் சோதனைப் பொறியில் மட்டும் செய்க. பிறர் பயன்படுத்தும் வழங்கியில் செய்யற்க.

இரண்டாவது, பாதையைப் பாதியில் வெட்டிப் பாருங்கள். தரவு தரவுத்தளத்தில் உள்ளதா? உண்டெனில் குறை அதற்குப் பின்னுள்ள வழியில். இல்லையெனில் அதற்கு முன்னுள்ள வழியில். மீண்டும் பாதியாக்குக. நீண்ட பாதையும் நான்கைந்து சோதனைகளில் சுருங்கிவிடும்.

மூன்றாவது, ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுக. ஐந்தை மாற்றியபின் சரியானால், எதனால் சரியாயிற்று என்பது விளங்காது. அதே நோய் மறுபடி வரும்.

நான்காவது, தெரியவில்லையே என்று மீண்டும் மீண்டும் அழுத்தாதீர்கள். டால்மெலிங்டனை நினைவிற் கொள்க. நிரல் எழுதுவோர் ஒவ்வொரு செயலுக்கும் ஒரு தனி எண் கொடுத்து, அதே எண் மறுமுறை வந்தால் ஏற்காதவாறு அமைத்தல் வேண்டும்.

ஐந்தாவது, திருத்த முனையுமுன் உள்ளது உள்ளவாறே ஒரு படி எடுத்து வைக்கவும். தேடும் அவசரத்தில் சான்றை அழித்தவர் பலர்.

மதிப்பெண், கட்டணம், உதவித்தொகை, வருகைப்பதிவு என்று கல்வி நிலையங்களின் கணக்குகள் யாவும் இந்நாளில் கணிப்பொறியில் ஏறிவிட்டன. இணையத்தில் விண்ணப்பித்துவிட்டேன் என்று மாணவி ஒருத்தி கூறுகிறாள். பட்டியலில் அவள் பெயர் இல்லை. அவ்வேளையில் பேராசிரியப் பெருமக்களும் நிருவாகத்தில் அமர்ந்திருக்கும் ஆன்றோரும் முதலில் கேட்க வேண்டியது, "நாம் பார்ப்பது எந்தப் படி? அஃது எப்போது எடுக்கப்பட்டது?" என்பதே. விடை அறிய ஆகும் நேரம் பெரும்பாலும் சில மணித்துளிகள்தாம். அதுவரை அம்மாணவியின் சொல் பொய்யென்று எவரும் கூறாதிருத்தல் வேண்டும். அவளுடைய விண்ணப்பம் வேறொரு பொறியில் பத்திரமாக இருக்கக்கூடும்.